குசினிக் கொரியன்

எனக்குக் கொரியன் தெரியும் என்று யாரிடமாவது சொன்னால், என் கணவர் அன்புராசா பக்கத்தில் நின்று சிரிப்பார். "உனக்குத் தெரிஞ்சது கொரியன் இல்லையப்பா, வெங்காயம்" என்பார். அவர் வாயை அடைக்க முடியாது, அதில் நியாயம் இருக்கிறது. வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் அவெனியூவில் ஒரு கொரியன் சாப்பாட்டுக்கடை. அதன் குசினியில் பதினாறு வருடமாக நிற்கிறேன். வெட்டு, கழுவு, கெதியாக வை, அதைத் தூக்கு, இதை எறி. இவ்வளவும் கொரியனில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு முன்னர் பாரிசில், லாச்சப்பலுக்குக் கிட்ட, ஒரு பிரெஞ்சுக் கடையின் குசினியில் நின்றேன். ஆகவே எனக்குப் பிரெஞ்சும் தெரியும். அதுவும் வெங்காயம்தான்.

இதை ஏன் அளக்கிறேன் என்றால், இத்தனை மொழி பேசும் ரொறன்ரோவில் ஒரு கொரியன் மனுசியும் ஒரு மடகஸ்கார்ப் பெண்ணும் ஒரே வீட்டுக்குள் பேசவேண்டி வந்தபோது, நடுவில் நிற்க இந்தக் கமலாம்பிகையை விட்டால் வேறு நாதி இல்லை. நின்றேன். நின்று, இருவரையும் கிட்டத்தட்டப் பிரித்தும் விட்டேன்.

எங்கள் கடை முதலாளியின் பெயர் மியோங்சுக். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் பெயர் சொல்வதில்லை, 'சாஜங்னிம்' என்போம். முதலாளியைக் கொரியனில் மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. ஆள் சின்னன், குரல் பெரிது. அவர் என்னைத் திட்டாத நாள் கிடையாது. நான் தமிழில் அவரைத் திருப்பித் திட்டாத நாளும் கிடையாது. ஆனால் என் அம்மா ஊரில் செத்து, போக வழியில்லாமல் நான் இங்கே குந்தியிருந்து அழுத அன்று, சாஜங்னிம் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. நேரே என் குசினிக்குள் போய், வந்த சனம் தேத்தண்ணி குடித்த கோப்பைகள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதை நான் மறப்பேனா?

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துபோயின. அதைவிடக் கொடுமை, இத்தனை வருடமாக இந்த நாட்டில் பேசிய ஆங்கிலம் துடைத்து எடுத்தது மாதிரிப் போய்விட்டது. கொரியன் மட்டும் மிஞ்சியது. அதுவும் நாக்குத் தடித்து, பாதி விழுங்கித்தான் வரும்.

மகன் ஜோசுவா பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கிறான். கொம்பியூட்டர் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்ல பெடியன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதோடு அவனுடைய கொரியன் நின்றுவிட்டது. அம்மா பசிக்குது, அம்மா நோகுது, அந்தளவுதான். இப்போது தாய்க்கு ஆங்கிலம் இல்லை, மகனுக்குக் கொரியன் இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். 

சாஜங்னிம் இருப்பது கடைக்குப் பின்னால் உள்ள அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் மேல்மாடியில். அவரோடு தங்கிப் பார்த்துக்கொள்ள, பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் நோரோவை அனுப்பியது. எழுதுவது நோரோ, கூப்பிடுவது நூரு. அவளுடைய மொழி மலகாசி. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். ஆங்கிலம் இப்போதுதான் படிக்கிறாள். கொரியன் ஒரு சொல் தெரியாது. மடகஸ்கார் ஒரு தீவு என்று அறிந்ததும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நானும் புங்குடுதீவுதானே, தீவாருக்குத் தீவாரைத் தெரியாதா!

நூரு அதிர்ந்து பேச மாட்டாள், அவசரப்பட மாட்டாள். சாஜங்னிமைக் கட்டிலில் இருந்து கதிரைக்குத் தூக்கும்போது "மூரா மூரா, மூரா மூரா" என்று பாடுவது போலச் சொல்லுவாள். அதென்ன என்று பிரெஞ்சில் கேட்டேன். மெல்ல மெல்ல என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் எதற்கும் அதுதானாம். இந்தப் பிள்ளை எங்கள் குசினியில் ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் பேச்சு இல்லாமலே இருவருக்கும் ஒத்துப்போனது. ஒருநாள் நான் மேலே போனபோது வீடெல்லாம் சோறு அடிப்பிடித்த மணம். "ஐயோ பிள்ளை, எரிஞ்சு போச்சு!" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். நூரு சிரித்தாள். வேணுமென்றுதான் அடியைத் தீய விட்டாளாம். சோற்றை எடுத்துவிட்டு அந்தக் கருகலுக்குள் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தாள். மண்ணிறமாக ஒரு தண்ணி வந்தது. மடகஸ்காரில் சாப்பிட்ட பிறகு இதைத்தான் குடிப்பார்களாம். நான் மூக்கைப் பொத்த, கதிரையில் இருந்த சாஜங்னிம் இடக்கையை நீட்டி விரலை ஆட்டினார். எனக்கு, எனக்கு என்று. கொரியாவிலும் சோற்றுப்பானைக் கருகலில் இப்படித்தான் செய்து குடிப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அன்று கோப்பை காலியாகும்வரை அவர் அதை விடவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் சாஜங்னிம் காலைப் பிடித்துக்கொண்டு கத்தி அழ, எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று கேட்க வழியில்லாமல் நூரு பயந்து அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள். பார்த்தால் வெறும் சதைப்பிடிப்பு. ஜோசுவா மார்க்கத்தில் இருந்து வெளிறிய முகத்தோடு வந்து சேர்ந்தான். போனில் உள்ள மொழிபெயர்ப்பைத் தாயின் வாயருகே பிடித்துப் பார்த்தான். அந்தத் தடித்த நாக்கை அதனால் பிடிக்க முடியவில்லை, 'மறுபடி பேசவும்' என்பதையே திருப்பித் திருப்பிக் காட்டியது.

"அன்ரி, நாளைக்கு நெஞ்சு நொந்தால் என்ன செய்யிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் கடைக்கு வந்த நாளில் இருந்தே அவன் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவான். "நேர்சிங் ஹோமுக்கு அம்மாவின் பெயரைப் பதிஞ்சிட்டன். இடம் வந்தால் விடப்போறன்."

"எந்த நேர்சிங் ஹோம்?"

"ரொறன்ரோவுக்குள்ளை இடமில்லை. இரண்டு மணித்தியாலம் ஓடவேணும்."

"அங்கை கொரியன் கதைக்க ஆரும் இருக்கினமோ?"

அவன் போனை எடுத்துப் பொக்கற்றுக்குள் வைத்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அப்ப சாகும்வரைக்கும் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ? கதைக்கத்தானே வேணும்? இவளையும் அவவையும் நான் கதைக்கப் பண்ணுறன். கொம்மா எங்கையும் போகமாட்டா. எழுதி வை."

சொல்லிவிட்டேன். சொன்னால் செய்யவேணும். சாஜங்னிம் விழுந்த பிறகு நாங்களே ஓட்டிய கடையில் மத்தியான நெருக்கடி முடிந்து, பின்னேரக் கூட்டம் வருமுன் ஒரு இடைவெளி இருக்கும். தினமும் அந்த நேரத்தில் ஏப்ரனோடு மேலே ஓடினேன். முதல்நாள் ஒரு தாளில் எல்லாச் சொல்லையும் எழுதிக்கொண்டு போய் நூருவிடம் நீட்டினேன். அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தால், விசரி நான், கொரியனையும் பிரெஞ்சையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனை எடுக்கச் சொன்னேன். நான் ஒரு கொரியன் சொல்லைச் சொல்லுவேன், பிரெஞ்சில் விளக்குவேன், அவள் அதன் பின்னால் தன் மலகாசியைச் சொல்லுவாள். இரண்டு குரலும் போனில் பதிவாகும். தண்ணீர் கொரியனில் மூல், மலகாசியில் ரானு. சோறு அங்கே பாப், இங்கே வாரி. நோகுது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் குசினியில் கை வெட்டுப்பட்டாலும் அப்படி ஒருவரும் சொல்வதில்லை, வாய்க்குள் திட்டிவிட்டுப் பிளாஸ்ரர் ஒட்டுவதுதான். ஜோசுவாவைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆப்பா. நூரு அதன் பின்னால் 'மராரி' என்றாள்.

என் மனுசன் இதைக் கேள்விப்பட்டு, கொரியனும் தமிழும் சொந்தக்காரர் என்று யாரோ முழங்கும் ஒரு வீடியோவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். "அம்மா, அப்பா எண்டால் அவவுக்கு விளங்குமாம். ஏன் கிடந்து மினக்கெடுறாய்?" என்றார். வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாட்டை மைக்குரோவேவுக்குள் காட்டினேன்.

பெயர்ச்சொல் முடிந்து, செய்கிற சொல்லுக்கு வந்தோம். சாப்பிடு, எழும்பு, இரு, கொண்டா, எடு, கெதி. இதில் நான் ராணி. 'மொகோ' என்றால் சாப்பிடு. 'சிவோ' என்றால் இதை அப்புறப்படுத்து. 'ப்பல்லி' என்றால் கெதி, சீக்கிரம், கேட்கச் சுவரில் ஓடும் பல்லி மாதிரியே இருக்கும். எல்லாவற்றையும் எப்படிக் கேட்டுப் பழகினேனோ அப்படியே, அதே சத்தத்தில், போனுக்குள் பதிந்து கொடுத்தேன்.

நூரு முழித்தாள். "மேடம் கமலா, வயதுபோனவர்களிடமும் இப்படித்தான் சொல்லுவார்களா?"

"கொரியன் உப்பிடித்தான் பிள்ளை. இழுத்துப் பாடினால் விளங்காது. கத்திச் சொல்லவேணும்."

பாவம், நம்பினாள். இரவு பகலாகப் போனைக் காதில் வைத்துப் பாடமாக்கினாள். என் சத்தம், என் வெட்டு, என் மூச்சு, ஒன்றும் தப்பவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜோசுவா வீட்டுக்கு வந்திருக்கிறான். கதவைத் திறக்கும்போதே உள்ளே சத்தம் கேட்டதாம். நூரு கரண்டியோடு தாயின் முன்னால் நின்று, "மொகோ! ப்பல்லி! ப்பல்லி மொகோ!" என்று அதட்டிக்கொண்டிருந்தாளாம். தாய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணால் தண்ணீர் விட்டபடி இருந்தாராம். அன்றிலிருந்து சாஜங்னிம் நூருவின் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அந்தக் கருகல் தண்ணியைக்கூடத் தள்ளிவிட்டார். நூருவைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

எனக்கு எல்லாரிலும் கோபம் வந்தது. இந்தக் கிழவிக்கு எவ்வளவு வீம்பு! இந்தப் பெட்டைக்குச் சொன்னதைச் சரியாகச் செய்யத் தெரியாதா! நான் மேலே போய் சாஜங்னிமின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "மொகோ, சாஜங்னிம்!" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னைத் திருப்பித் திட்டாத முதல் தடவை அது. கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜோசுவா கடைக்கே வந்தான். குசினிக் கதவில் சாய்ந்து நின்றான். அழுதிருக்கிறான் என்று முகம் சொன்னது.

"இடம் வந்திட்டுது அன்ரி. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை ஓமோ இல்லையோ சொல்லவேணும். ஓமெண்டு சொல்லப்போறன்."

"அவவைக் கேட்டியோ?"

"எந்தப் பாசையில கேக்கிறது? அம்மா சாப்பிடேல்லை. அவளைப் பாக்கவே விருப்பமில்லை. அங்கை எண்டால் நேர்ஸ்மார் இருக்கினம், ஊசியிலையாவது ஏத்துவினம்."

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டை வா" என்றேன். "உன்ர கண்ணால பார். அதுக்குப் பிறகு என்ன மண்ணையாவது சொல்லு. அதுக்கு முதல் போனில கை வைச்சியோ, நான் பொல்லாதவள்."

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் கையில் ஒன்றும் இல்லை. 

அன்று மத்தியானம் கடையில் சரியான கூட்டம். முன்னால் மேசை பார்ப்பவள் ராஜி. தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்தவள், பகுதிநேரம் எங்களோடு நிற்கிறாள். கொஞ்சம் சர்க்கரை தூக்கலான பேச்சு, எனக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. இறைச்சிச் சூப் கொதித்து, குசினியில் இருந்து சாப்பாடு கொடுக்கும் ஜன்னலில் வந்து நிற்க, அவள் நாப்கின் மடித்துக்கொண்டு நின்றாள். இருந்த எரிச்சல் எல்லாம் அவள் தலையில் இறங்கியது.

"ராஜி! ப்பல்லி! ப்பல்லி! சிவோ!"

ராஜி வாயை இறுக்கி மூடினாள். தட்டைத் தூக்கினாள். அந்த மூடிய வாயை நான் எங்கே பார்த்தேன் என்று யோசித்தபடியே ஜன்னலுக்குள்ளால் அவளைப் பார்த்தேன். மேசைக்குப் போனாள். இடக்கையை வலது முழங்கைக்குக் கீழ் கொடுத்து, கிண்ணத்தை ஒரு வயதான கொரியன் ஐயாவின் முன்னால் சத்தமில்லாமல் வைத்தாள். இலேசாகக் குனிந்து, "சொன்சொனி துசெயோ" என்றாள். அந்த ஐயாவின் முகம் மலர்ந்தது.

அந்தச் சொல்லை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். சாஜங்னிமின் வாயால்தான் கேட்டிருக்கிறேன். குசினிக்குள் நின்று எங்களைக் கிழித்துவிட்டு, அந்தக் கதவைத் தாண்டியதும் அவர் வேறு மனுசியாகிவிடுவார். குரல் இறங்கிவிடும், முதுகு வளையும். அது வாடிக்கையாளருக்கு உரிய கொரியன், எனக்கென்ன வந்தது என்று நான் ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

அட பாவி! நான் நூருவுக்குக் கொடுத்தது முழுக்க முழுக்கக் குசினிக் கொரியன். சாஜங்னிம் எங்களை ஏசிய ஏச்சை அப்படியே திரட்டி, கை கால் விழுந்து கிடக்கிற அந்த மனுசியின் முகத்திலேயே அடிக்கக் கொடுத்திருக்கிறேன். பிழை அந்தப் பெட்டையில் இல்லை, கிழவியின் வீம்பிலும் இல்லை. என் வாயில்தான். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

கூட்டம் கலைந்ததும் ராஜியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வா என்னோடை."

"எங்கக்கா? இன்னும் நான் சாப்பிடவே இல்லையே?"

"அங்கை போய்ச் சாப்பிடலாம். முன்னுக்குச் சொல்லுற கொரியன் முழுக்க உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"சாஜங்னிம்தான். தட்டு வைக்கும்போது அதைச் சொல்லாம வந்துட்டா திரும்ப அனுப்புவாங்க. சரியா வர்ற வரைக்கும் விடமாட்டாங்கக்கா, அழுதிருக்கேன்."

மேலே நூரு தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். தன்னை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குத் தானே சொல்லப்போகிறாளாம். அவளைக் கதிரையில் இருத்தி நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னேன். நான் உனக்குப் படிப்பித்தது முதலாளி வேலைக்காரருக்குச் சொல்லும் பேச்சு, அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்கவேணும், என்னை மன்னித்துக்கொள் என்றேன். நூரு பையைக் கீழே வைத்தாள்.

"மேடம் கமலா," என்றாள், "அப்படியானால் உங்களுடன் அவர் எப்போதும் இப்படித்தானா பேசினார்?"

"அதை விடு பிள்ளை" என்றேன். "போனை எடு. என்ர குரல் முழுக்க அழி."

சாஜங்னிமின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் குசினி மேசையில் தொடங்கினோம். வாருங்கள், நிறையச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கிறதா, இன்னும் கொண்டுவரட்டுமா. ராஜி கொரியனில் சொல்லுவாள், அவள் தமிழில் சொன்ன அர்த்தத்தை நான் பிரெஞ்சாக்குவேன், நூரு மலகாசியில் முடிப்பாள். சொன்சொனி துசெயோ என்பதற்கு வந்தோம். ஆறுதலாகச் சாப்பிடுங்கள், அவசரமில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன்.

நூரு நிமிர்ந்தாள். "மூரா மூரா?"

"ஓமடி, அதுதான். நீ நாள் முழுக்கச் சொல்லுறதுதான்!"

நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ராஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, பில்லுக் கட்டாம ஓடுறவனைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. நீங்க விட்டுடுங்க." எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டேன். தட்டை எப்படி வைப்பது, கையை எங்கே பிடிப்பது, எவ்வளவு குனிவது எல்லாவற்றையும் ராஜி நூருவுக்குக் காட்டினாள். 

மறுநாள் மத்தியானம் ஜோசுவா சொன்னபடி வந்தான். கையில் போன். சாஜங்னிம் குசினி மேசையடியில் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நூரு சோறும் சூப்பும் தட்டில் வைத்து எடுத்துவந்தாள். இடக்கை வலது முழங்கைக்குக் கீழ். நான் குலதெய்வம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

கிண்ணத்தை வைத்தாள். குனிந்தாள். "சொன்சொனி துசெயோ."

சாஜங்னிம் மெல்லத் திரும்பினார். நூருவைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. எனக்கு அந்தச் சுருக்கத்தை நன்றாகத் தெரியும். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் இடக்கையைத் தூக்கி, விரலால் கிண்ணத்தைத் தள்ளினார்.

"டாஷி" என்றார்.

ஜோசுவா பெருமூச்சு விட்டான். "பாத்தீங்களா அன்ரி? வேண்டாமாம்."

"வாயை மூடு! வேண்டாம் எண்டு சொல்லேல்லை. திரும்பச் செய்யச் சொல்லுறா!"

புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொரு பெட்டையையும் இந்த மனுசி இப்படித்தான் பிழிந்திருக்கிறார். நான் நூருவுக்குச் சொன்னேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போய்த் திரும்ப வந்தாள். வைத்தாள், குனிந்தாள், சொன்னாள். "டாஷி." கையை இன்னும் கொஞ்சம் பதிக்கச் சொல்லி சாஜங்னிம் தன் இடக்கையால் அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். மூன்றாம் தரம் அவள் வைத்தபோது சாஜங்னிம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார்.

 இத்தனை நாள் பட்டினி கிடந்தவர் வாயைத் திறந்த சந்தோசத்தில், ஒரு கரண்டி உள்ளே போகுமுன் நூரு அடுத்த கரண்டியை நீட்டினாள். சாஜங்னிம் கையால் மறித்தார்.

"மூரா மூரா" என்றார்.

தடித்த நாக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது. நூரு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். ஜோசுவா தாயின் முன்னால் முழங்காலில் இருந்தான். தன் சின்னப்பிள்ளைக் கொரியனில் ஏதோ தட்டுத்தடுமாறிக் கேட்டான். போவமா அம்மா, அங்கே போவமா என்றுதான் கேட்டிருப்பான்.

"அன் கா" என்றார் சாஜங்னிம். போகமாட்டேன். அந்தளவு கொரியன் அவனுக்கும் தெரியும்.

அவன் எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான். கண்ணாடிக்கு வெளியே போனில் பேசுவது தெரிந்தது. வேண்டாம், நன்றி, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் வாயைப் பார்த்தே வாசித்துவிட்டேன்.  சொன்னேனே, எங்கையும் போகமாட்டா என்று சொன்னேனே!

கடைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. பின்னேரச் சாமான் ஒன்றும் வெட்டவில்லை. காலையில் இருந்து வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நூருவின் பானையில் மிச்சமிருந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றி, தண்ணீர்க் குழாயடியில் நின்றபடியே வாய்க்குள் தள்ளினேன். குசினியில் நிற்பவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள். பாரிசிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். இருந்து சாப்பிட யாருக்கு நேரம்?

டொக், டொக் என்று மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. சாஜங்னிம் இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தார். வந்துவிட்டது, ப்பல்லி, கடைக்கு ஓடு என்று சொல்லப்போகிறார் என்று வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினேன்.

"கம்லா" என்றார். மேசைக்குக் கீழே இருந்த கதிரையை அந்த ஒற்றைக் கையால் பிடித்து, சிரமப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார். நூரு உதவிக்கு வர, தலையை அசைத்து மறுத்துவிட்டார். கதிரை நான் இருக்கக்கூடிய அளவுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"சொன்சொனி துசெயோ."

கடைக் குசினிக் கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். ஜன்னலுக்குள்ளால் இத்தனை வருடம் எனக்குக் கேட்டும் கேட்காமல் போன குரல். பாரிசவாதம் எடுத்ததுபோக மிச்சம் இருந்ததில் இருந்து, அதை எனக்காகத் தேடி எடுத்துச் சொன்னார். என் அம்மாவின் செத்தவீட்டில் கோப்பை கழுவிய மனுசிக்கு அன்று சொல்ல வராதது இன்று வந்தது. 

நான் இருந்தேன். கிண்ணத்தை மேசையில் வைத்து, கரண்டியை எடுத்தேன். கீழே இருந்து ராஜி போனில் அடித்துக்கொண்டே இருந்தாள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.